வாயால் வாங்குகிறவர்

நகராட்சி ஊழியர்களின் மணிக்கட்டில் நேர்மை வளையம் மாட்டியிருந்தார்கள். பொதுமக்களிடம் கைநீட்டி எதை வாங்கினாலும் அது அலறிவிடும். ஆகவே குடிநீர்ப் பிரிவு அதிகாரி தணிகாசலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

குழாய் இணைப்புக்காக ஏழு மாதமாக அலையும் வேதவல்லி திகைத்து நின்றாள்.

"என்னம்மா முழிக்கிற? அல்வாக்குள்ள தங்கக்காச வச்சு ஊட்டு. எல்லாரும் அப்படித்தான் குடுக்குறாங்க."

"ஸ்பூன் இருக்குமா சார்?"

"ஸ்பூனா? நான் என்ன சீக்காளியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேதவல்லி வாசல் கடையில் அல்வா வாங்கி வந்து, கொண்டுவந்திருந்த தங்கக்காசை உள்ளே வைத்து ஊட்டினாள். வெற்றிலைக் கறை படிந்த உதடுகள் அவள் விரல்களைக் கவ்விச் சப்பின. காசைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அவர் கையெழுத்திட்டார். வளையம் பச்சையாக ஒளிர்ந்து, "தங்கள் நேர்மைக்கு நன்றி" என்றது.

மூன்றாம் நாள் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. முதல் வேலையாக அவள் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பருப்புச்சோறு பிசைந்து மகளை மடியில் இருத்தினாள்.

குழந்தை ஆசையாக வாயைத் திறந்தது. உருட்டிய கவளம் வேதவல்லியின் விரல்களிலேயே நின்றது. அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு, விரல்களை மறுபடியும் சேலையில் துடைத்தாள்.

"இனிமே நீயே சாப்பிடு, கண்ணு" என்று தட்டை நகர்த்தி வைத்தாள்.