பன்னிரண்டு எஸ்

பன்னிரண்டு கட்டங்களில் ஒன்றைக்கூடப் பட்டாபிராமன் காலியாக விடவில்லை. எல்லாவற்றிலும் நிறுத்தி நிதானமாக 'எஸ்' போட்டார். இருபது வருட சர்க்கார் உத்தியோகம் கற்றுக்கொடுத்த கலை அது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் டெல்லி ஃபைலைத் திருப்பிவிடும்.

ஆனால் இது டெல்லிக்குப் போகிற ஃபாரம் இல்லை. எண்பத்தெட்டில் பூனா ஆபீசில் வந்திறங்கிய கம்ப்யூட்டரில், மெயில் அனுப்பும் புரோகிராமுக்கான விருப்ப வசதிப் பட்டியல். இன்னொரு நெட்வொர்க்குக்கு ஒன்று, இரண்டாவது மோடத்துக்கு ஒன்று, புரோகிராமைக் கம்பைல் செய்து ஓடத் தயாராக்கியவர் பெயரைக் கடிதத்தின் தலையில் தானாகவே போட ஒன்று என்று பன்னிரண்டு. சும்மா கிடைப்பதை யாராவது வேண்டாம் என்பார்களா?

மூன்று நாளாகப் புரோகிராம் கம்பைல் ஆகாமல் முரண்டு பிடித்தது. திரை முழுக்க எர்ரர். இன்று நாலு மணிக்குள் பம்பாய்க்கு முதல் மெயில் போனால், அங்கே புது மெயில் செக்‌ஷனுக்குத் தலைமையும் மாட்டுங்காவில் குவார்ட்டர்ஸும் அவருக்கு. போகாவிட்டால் ரிடயர் ஆகும்வரை இதே நாற்காலி.

"அரே சார், நம்மகிட்ட இல்லாத மோடத்துக்கெல்லாம் எஸ் போட்டா, அது எங்க போய்த் தேடும்?" என்றாள் புரோகிராமர் ஃப்ளோரா.

"நான் சர்வீஸ்ல சேர்ந்தப்போ நீ ஸ்லேட்டுல எழுதிண்டிருந்தே. நேக்குப் பாடம் எடுக்கறயா?" என்று சீறியவர், கடிகாரத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தார். "சரி, உன் டெர்மினல்ல நீயே போட்டுத் தொலை. நான் டீ குடிச்சுட்டு வரேன்."

மேதைகள் இப்படித்தான் வேலை செய்வார்கள். இரண்டு வடாபாவோடு அவர் போராடித் திரும்பியபோது திரையில் ஒரு எர்ரரும் இல்லை.

"ஆயிடுச்சு சார். பதினொண்ணுக்கு நோ போட்டுட்டேன். ஒண்ணு மட்டும் விட்டிருக்கேன், அது நம்மகிட்ட இல்லாத எதையும் கேக்கல."

எந்த ஒன்று என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? 'மூன்று நாள் தனியாளாக உழைத்து நானே தயாரித்தேன்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பம்பாய்க்கு அனுப்பினார். ஃப்ளோராவின் பெயரை மருந்துக்கும் சேர்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. பம்பாய் டைரக்டர் விஸ்வேஸ்வரன்.

"பட்டாபி, மெயில் பிரமாதமா வந்துடுத்து! செக்‌ஷனுக்கு யாருன்னு முடிவே பண்ணிட்டேன்."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்." பட்டாபிராமனுக்கு மாட்டுங்கா கண்ணில் தெரிந்தது.

"மெயில் தலையிலயே கம்பைல் பண்ணினவா பேர் இருக்கே. போனை அந்த ஃப்ளோராகிட்ட குடுங்கோ."