பேரீச்ச மரத்தடிப் பெண்

அவள் அழ மறுத்தாள்.

ரோமின் நாணயச் சாலையில், சாளரத்தின் கீழே கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் அவளை உட்கார வைத்திருந்தார்கள். யூதேயாவை வென்றதற்காகப் பேரரசர் வெளியிடும் வெண்கலக் காசில் அங்கிருந்து சிறைபிடித்து வந்த அவள்தான் தோற்றுப்போன நாட்டின் உருவம். பேரீச்ச மரத்தடியில், கன்னத்தில் கை வைத்து, தலை குனிந்து அழவேண்டும்.

காசு அச்சில் மரம் செதுக்கி முடிந்துவிட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் படைவீரனும் முடிந்துவிட்டான். அச்சில் அவளுக்கான இடம் மட்டும் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

அச்சு செதுக்கும் தியோனும் அடிமைதான். அந்தியோக்கியாக்காரன் என்று சொல்லி விற்கப்பட்டவன். காசு நன்றாக அமைந்தால், விடுதலையானவர்கள் அணியும் கம்பளித் தொப்பி அவனுக்குக் கிடைக்கும்.

“கப்பம் வசூலிக்க வந்தவ மாதிரில்ல உக்காந்திருக்கா,” என்றான் மேலாள் ருஃபியோ. “இன்னைக்குள்ள அழ வைடா. இல்லேன்னா உன் தொப்பிய என் கழுதைக்கு மாட்டிடுவேன்.”

அவனே அதட்டிப் பார்த்தான். அவள் காதைப் பிடித்துத் திருகினான். அவள் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியோன் உளியைத் துடைத்து வைத்தான். எழுந்துபோய் அவள் காதருகே குனிந்து மெல்ல எதையோ சொன்னான்.

அவள் முகம் உடைந்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. தோள்கள் குலுங்கின. காசுக்கு எப்படி வேண்டுமோ, அப்படியே.

“என்னடா சொன்ன?”

“தோல உரிச்சிடுவேன்னு சொன்னேன், எஜமான்.”

ருஃபியோ சிரித்துக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

தியோன் செதுக்கினான். முதலில் வளைந்த கழுத்து, பிறகு தோள். கை நடுங்கவே இல்லை என்பது அவனுக்கே கூசியது. காலையில் விழித்ததிலிருந்து அந்த வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான். யூதேயாவில் அவன் பிறந்த வீட்டின் பேச்சு அது. அங்கே பிறந்தவன் என்று தெரிந்திருந்தால் இந்த அச்சு அவன் கைக்கே வந்திருக்காது.

அக்கா, சாப்பிட்டியா? அவ்வளவுதான் கேட்டிருந்தான்.

அவள் ஈர முகத்தை நிமிர்த்தினாள்.

“இல்ல தம்பி,” என்றாள், அதே பேச்சில். “நீ சாப்பிட்டியா?”

ருஃபியோவின் சிரிப்பு நின்றது. தியோனைப் பார்த்தான்.

“தலையைக் குனி,” என்றான் தியோன், இலத்தீனில்.