தினமும் சீவப்பட்ட பென்சில்

ஒரு மேசையின் மேல் பென்சிலும் ஷார்ப்னரும் படநோட்டும் இருந்தன. அவற்றின் சொந்தக்காரி நாச்சியார், தினமும் ஒரு படம் வரைவதென்று முடிவு செய்திருந்தாள். காலையில் வந்து உட்காருவாள். பென்சிலைக் கூராகச் சீவுவாள். ஏதாவது பெரிதாகத் தோன்றட்டும் என்று ஜன்னலையே பார்த்திருப்பாள். பிறகு, "இன்னைக்கு ஒண்ணும் தோணலை" என்று எழுந்து போய்விடுவாள்.

இப்படியே ஒரு கோடுகூடப் போடாமல் பென்சில் சுண்டுவிரல் அளவுக்குக் குறைந்துவிட்டது.

"அண்ணே, நாளைக்கு என்னைக் கடிக்காதீங்க. நான் ஏற்கெனவே கூராத்தான் இருக்கேன்" என்று கெஞ்சியது பென்சில்.

"அவ திருகுறா, நான் கடிக்கிறேன். என்கிட்ட ஏன்டா அழுவுறே, குட்டையா?" என்றது ஷார்ப்னர்.

நோட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. பென்சில் தீர்ந்துபோனால் தன் பக்கங்கள் வெள்ளையாகவே கிடக்கும். மறுநாள் நாச்சியார் வந்து மின்விசிறியைப் போட்டதும், நோட்டு காற்றோடு தன் அட்டையை ஓங்கி விரித்தது. ஷார்ப்னர் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

நாச்சியார் மேசையெல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை. சீவாத பென்சிலையே கையில் எடுத்தாள். பிறகு, வாசலில் கிடந்த தன் செருப்பைக் கோணலாக வரையத் தொடங்கினாள்.

"போயும் போயும் செருப்பா?" என்று முணுமுணுத்தது நோட்டு.

"சத்தம் போடாதே, எழுந்து போயிடப்போறா" என்றது பென்சில். "இன்னொரு செருப்பு பாக்கி இருக்கு."