முதல் பக்கத்தில் மூன்று பெயர்

"தேயோ பேரை எடுத்துடு."

நான்தான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். கல்லூரி உணவகத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அராம் மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தாள். "அக்கா, கொஞ்சம் யோசிங்க. அறிக்கையோட முதல் பக்கத்துல பேர் இல்லன்னா அவனுக்குப் பூஜ்யம். பாடம் போச்சு. ஆகஸ்ட்ல பட்டம் இல்ல. செப்டம்பர்ல சேர வேண்டிய வேலையும் இல்ல."

"அதை அவன் யோசிச்சிருக்கணும்."

பேயஸ் புள்ளியியல், அதாவது ஒவ்வொரு புதுச் சாட்சிக்கும் நம் சந்தேகத்தை ஏற்றி இறக்கிக் கணக்கிடும் பாடம், அறிமுக வகுப்பு. நாலு பேர் சேர்ந்து செய்யும் குழு வேலை. உழைக்காமல் ஒட்டிக்கொள்கிறவன் பெயரை முதல் பக்கத்திலிருந்து தூக்கிவிடுவது எங்கள் ஊர்க் கல்லூரிகளில் எழுதாத சட்டம். நான் இருபது வருஷம் தேகு நகரச் சந்தையில் காலுறை விற்றுவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் படிக்க வந்தவள். ஓசியில் ஒட்டுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது.

இந்த மா தேயோ, வகுப்புக்கு வருவான். முடிந்த நொடியே ஓடிவிடுவான். குழுக் கூட்டம் ஐந்து நடந்தது, ஐந்துக்கும் வரவில்லை. குழுவின் போன் அரட்டையில் நாங்கள் சேதி போட்டால், இன்னும் ஒருவர் படிக்கவில்லை என்று காட்டும் '1' நாள் முழுக்க அசையாமல் நிற்கும். அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

குழுவில் கணக்குப் பகுதியைப் பார்த்த ஜுன்கி, கை துடைக்கும் காகிதத்தில் கணக்கே போட்டுவிட்டான்.

"அவன் சோம்பேறியா இருக்கப் பத்துல ஒரு வாய்ப்புன்னு ஆரம்பிப்போம். பெருந்தன்மையா. சோம்பேறின்னா பத்துக்கு ஒன்பது தடவை வரமாட்டான். ஒழுங்கானவனும் பத்துக்கு மூணு தடவை வராமப் போவான். ஆக, ஒவ்வொரு தடவை வராதப்பவும் சந்தேகம் மூணு மடங்கு ஏறும். அஞ்சு தடவைக்கு..."

"விடையைச் சொல்லுடா."

"தொண்ணூத்தாறு சதவீதம் சோம்பேறி."

"மீதி நாலு?"

"அது நம்ம அராமோட இளகின மனசு."

மூன்று பெயரோடு அறிக்கை போனது.

ஆனாலும் ஒருத்தனுக்குத் தெரியாமல் அவன் பெயரை அடிப்பது எனக்குப் பழக்கமில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று போன் செய்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம்... அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. கட்டில் கிறீச்சிட்டது.

"எங்கடா இருக்கே?"

"ஆஸ்பத்திரியில. அப்பாவுக்குப் பக்கவாதம், மார்ச்லேர்ந்து. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். வீட்டுல வேற ஆள் இல்ல. வகுப்பு நேரத்துக்கு மட்டும் பக்கத்துக் கட்டில்காரங்க பார்த்துக்கறாங்க."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னா என் பங்கையும் நீங்களே சுமப்பீங்க. பேரை எடுத்துடுங்க அக்கா, நியாயம்தான். மத்தவங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"சரி, நீ அப்பாவைப் பாரு" என்று போனை வைத்தேன்.

ஐந்து தடவை வராததை ஐந்து சாட்சி என்று எண்ணியிருந்தோம். இருந்தது ஒரே கட்டில்தான். ஒரே காரணத்திலிருந்து வருவதைத் தனித்தனிச் சாட்சியாகக் கூட்டாதே என்று முதல் மாதமே படித்த பாடம். பரீட்சையில் சரியாக எழுதினோம். ஆளைப் பார்த்தபோது மறந்துவிட்டோம்.

மறுநாள் பேராசிரியர் நம்குங், முதல் பக்கத்தில் பெயர் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அவரவர் பொறுப்பில் இருந்த பகுதியை உண்மையில் யார் செய்தது என்று ரகசியமாக எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அதை வைத்துத்தான்.

ரயில் நிலையத்திலிருந்து வரும் கல்லூரிப் பேருந்து எத்தனை நிமிஷம் தாமதிக்கும் என்று கணிப்பது எங்கள் வேலை. மூன்று வாரம் நிறுத்தத்தில் கால் கடுக்க நின்று நேரம் குறித்தவள் நான். சந்தையில் எனக்குச் சேர வேண்டியதை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

'நேரம் குறித்தது: மா தேயோ.'

எழுதிவிட்டேன். என் பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் மிச்சமில்லை. காலியாக விட்டு, இரண்டு கையாலும் தாளை நீட்டினேன்.

மூன்றாம் நாள் எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது.

"முதல் பக்கத்துல மூணு பேர்தான் இருக்கு. தேயோ வேலை செய்யலைன்னு எடுத்துட்டீங்க. அப்படித்தானே?"

அராம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நேரம் குறித்தது, மா தேயோ."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கணக்குப் போட்டது, மா தேயோ."

ஜுன்கி இருமினான்.

"அறிக்கை எழுதியது, மா தேயோ."

அராம் தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

"நீ எப்படா அவனுக்குப் போன் பண்ணே?" பல்லைக் கடித்துக்கொண்டு ஜுன்கியிடம் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே அக்கா," என்று முனகினான். "யார்கிட்டயும் சொல்லாதேன்னான்."

"என்கிட்டயும்தான்," என்றாள் அராம்.

பேராசிரியர் நிமிர்ந்தார். "மூணு பேரும் கூடிப் பேசி எழுதினீங்களா?"

"இல்ல சார்!"

அது ஒன்றுதான் உண்மை.

"அப்ப மூணும் தனித்தனிச் சாட்சி. நான் சொல்லிக்குடுத்த பாடத்தை நானே மீற முடியாது." பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் அவன் பெயரை நிதானமாக எழுதினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சரி, வேலை மொத்தத்தையும் அவன் ஒருத்தனே செஞ்சிருக்கான். இதுல உங்க மூணு பேர் பேரு எதுக்கு?"