முதல் கைபேசி

மகள் தன் அறையில் வீடியோ நேர்காணலுக்கு உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம், விண்ணப்பத்தில் கொடுத்திருந்த அப்பாவின் செல்லுக்குக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ‘எங்கள் பக்கம் ஒலி வரவில்லை. இன்றைய நேர்காணல்கள் ஒத்திவைக்கப்படுகின்றன.’

“ஏற்கெனவே ஆறு கம்பெனி கைவிரிச்சாச்சு. இதுவும் போச்சு,” என்றார் அப்பா.

“அப்ப ஏன் இவ இன்னும் வெளிய வரலை?” என்றாள் அம்மா.

அரைமணி கழித்துச் சிரித்தபடி வந்தாள் மகள்.

“சத்தமே வரலையாமே?” அப்பாவின் விரல்கள் கேட்டன.

மகளும் விரல்களாலேயே சொன்னாள்: “எனக்கு என்னைக்குப்பா காது கேட்டுது? என்னைக் கேள்வி கேட்ட மேடத்துக்கும் கேக்காது. ரெண்டு பேரும் கையாலேயே பேசி முடிச்சிட்டோம். திங்கக்கிழமை வேலைல சேரணும்.”

அப்பா மகளின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“செல்லு வர்றதுக்கு முன்னாடியே மனுஷன் வச்சிருந்த கைபேசி இதுதான்டி,” என்றார் மனைவியிடம்.