மோழையின் முதுகில் நீதிபதி

குட்டை வற்றியதும் எருமைகள் தலைமைக்குத் தேர்தல் வைத்தன. ஆற்றுக்குப் போகலாம் என்ற, நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள சுட்டியின் பின்னால் பெரும்பாலானவை நின்றன. சேறே போதும் என்ற கொம்பில்லாத மோழை தோற்றது. "எண்ணிக்கையில் மோசடி!" என்று அது வழக்குப் போட்டது.

மோழையின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்குதான் நீதிபதி.

"மோழையே வென்றது. யாரும் ஆற்றுக்குப் போகக் கூடாது," என்றது கொக்கு.

"ஐயா, கீழே இறங்கி வந்து அதைச் சொல்லுங்களேன்," என்றது ஒரு கிழட்டு எருமை.

"இறங்கினால் நீதிமன்றத்தின் மாண்பு என்னாவது?"

"அப்ப மாண்போட இருங்க. எங்களுக்குத் தாகம்."

மந்தை முழுவதும் சுட்டியின் பின்னால் ஆற்றுக்கு நடந்தது. சற்று நேரத்தில் மோழைக்கும் நாக்கு வறண்டது. அதுவும் கடைசியாகப் பின்தொடர்ந்தது.

முதுகிலிருந்த கொக்கு தொண்டையைச் செருமியது. "தலைவர் கடைசியில் நடப்பதே மரபு," என்று அறிவித்தது.