தண்ணீர் இறங்குகிறதா

தொண்ணூறு பேர் தொங்கிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸை அவள் ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரி வாசற்படியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஊரே நம்பியது. நம்பாதவன் ஒருவன்தான். அவளைக் கட்டியவன்.

செவ்வாய்க்கிழமை இருவரையும் கடித்தது ஒரே நாய். அவனுக்குக் கெண்டைக்காலில். அவளுக்குக் குதிகாலில்.

அவன் பக்கத்து வீட்டு பைக்கில் பறந்தான். நாய் குரைத்து முடிப்பதற்குள் ஊசி போட்டுத் திரும்பிவிட்டான்.

"ஒனக்கு வெறுங் கீறல்தான். ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். தனியாக் கிளம்பிறாத."

கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவள் தனியாகப் போன அதிகபட்ச தூரம் ரேஷன் கடை.

வியாழக்கிழமை அந்த ரேஷன் கடை வாசலிலேயே நாய் செத்துக் கிடந்தது. வாயெல்லாம் நுரை.

"வெயில்ல செத்திருக்கும்," என்றான் அவன்.

வெறிநாய்க்கடி முற்றினால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

ஒரு செம்பு குடித்தாள். இறங்கியது.

கால்மணி கழித்து இன்னொரு செம்பு.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர்த் தொட்டியில் பாதி காலி.

சனிக்கிழமை காலை செம்பைத் தூக்கினாள். நடுங்கியது.

கையா, தொண்டையா?

ஞாயிற்றுக்கிழமை நூறு மைல் தள்ளி இருந்தது.

அவன் வயலுக்குப் போனதும் செருப்பை மாட்டினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "எங்கம்மா எறங்கணும்?"

நிறுத்தத்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

"என்னையக் கடிச்ச நாய் செத்துப்போச்சுண்ணே."

தொண்ணூறு வாயும் மூடின. என்ஜினே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

டிரைவர் திரும்பி அவள் காலைப் பார்த்தார். அப்புறம் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

மாலையில் அவன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒனக்காக பஸ்ஸு உள்ள போச்சாக்கும்? அந்தக் கேட்டுல ஆட்டோ நொழையவே அழுகும்டி."

அவள் ஊசிச் சீட்டை எடுத்து வைத்தாள். நான்கு தேதிகள். முதல் தேதிக்கு டிக்.

"நர்ஸம்மா நோட்டுல ஒங்க பேரும் இருந்துச்சு. நேத்து ரெண்டாவது ஊசிக்கு ஏன் வரலன்னு கேட்டாங்க."

"ஆம்பள ஒடம்புக்கு ஒண்ணு போதும்."

"நாலும் போட்டாத்தான் உசுருக்குக் காவலாம். நாய் வெயில்ல சாகலங்க."

சிரிப்பு நின்றது.

அவன் செம்பை எடுத்தான். குடித்தான். இறங்கியது.

கால்மணிகூட ஆகவில்லை. மறுபடியும் எடுத்தான்.

தண்ணீர் தரையில் சிந்தியது.

"நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போறியா?"

அவள் தரையைத் துடைத்தாள். அவனே தொடர்ந்தான்.

"அந்தப் பஸ்ஸுலயே போவோம். உள்ள வரைக்கும் போச்சுல்ல... போச்சுதான்."